கருப்பட்டி என்று எழுதிய மருந்து

"சரக்கு என்ன இனம்?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை சுடும். சந்தைக் குத்தகைக்காரன் சாதாரணமாகத்தான் கேட்பான், எதற்கு எவ்வளவு சுங்கம் வாங்குவது என்று தெரிய வேண்டுமே. அவன்மேல் எரிந்து விழுவேன். பிடாரி என்று முணுமுணுத்துக்கொண்டு போவான். போகட்டும். அந்தக் கேள்விக்கு ஒருமுறை தப்பாகப் பதில் எழுதியவள் நான். வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். நான் முத்திரைத் தாளில் எழுதினேன்.

மலைமேல் பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய் எல்லாம் குமுளி ஏறிப் போக வேண்டும். என் புருஷனிடம் பதினொரு பொதிமாடுகள் இருந்தன. வாரம் ஒருமுறை ஏறுவார், இறங்குவார். எங்கள் ஊர் வேதக்கார ஊர். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுதப் படிக்க வந்தது. அவருக்கு வரவில்லை. சின்ன வயதிலேயே மாட்டுக்குப் பின்னால் போனவர். கடிதம், பத்திரம், கணக்கு எதுவானாலும் நான் வாசித்தால்தான் அவருக்கு உண்டு. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

பொதியோடு பொதியாக ஒரு கூடை காய்ச்சல் உருண்டையும் மலைக்குப் போகும். அது நான் உருட்டியது. நிலவேம்பு, சீந்தில் கொடி, சுக்கு, மிளகு, இன்னும் ஒரு மலைப்பட்டை. எல்லாவற்றையும் இடித்துச் சலித்துக் கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிளறி நெல்லிக்காய் அளவு உருட்டிக் காயவைப்பேன். எவ்வளவு கருப்பட்டி போட்டாலும் கசப்பு போகாது. தின்றவன் முகம் கோணும். ஆனால் மலைக்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த எத்தனையோ பேர் அதைத் தின்று எழுந்து மண் சுமக்கப் போயிருக்கிறார்கள். எல்லோரும் எழுந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். பலர் எழுந்தார்கள். சர்க்கார் டாக்டர் கொடுக்கும் வெள்ளைத் தூளைத் தொட மாட்டேன் என்று சாதித்தவர்கள்கூட இதைத் தின்றார்கள்.

இந்த மருந்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. என் மாமனார் ஒரு தடவை காட்டு வழியில் காய்ச்சல் கண்டு விழுந்து கிடந்தபோது அந்தக் காட்டிலேயே குடியிருக்கும் பளியர் ஒருவர்தான் இதைக் கொடுத்துப் பிழைக்க வைத்தாராம். பிறகு மருந்தையும் சொல்லிக் கொடுத்தார். இதற்கு விலை மட்டும் சொல்லக்கூடாது, சொன்னால் மருந்து பலிக்காது என்று அப்போதே சொல்லிவிட்டார். மாமனார் கோயிலில் முழங்கால் போட்டுச் சத்தியம் பண்ணினார். சாகும்போது மகன் கையைப் பிடித்து அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டார்.

ஆனால் கருப்பட்டி சும்மாவா வருகிறது? அதனால் எங்கள் வீட்டில் ஒரு கணக்கு வைத்திருந்தோம். வாங்குகிற காசு கருப்பட்டிக்கு. மருந்து தானம். இது வெறும் பேச்சுக்கு இல்லை. சொந்தக் கருப்பட்டி கொண்டுவருபவர்களுக்கு நாங்கள் உருட்டிக் கொடுத்துவிட்டு ஒரு தம்பிடி வாங்க மாட்டோம். கல்யாணமாகி வந்த புதிதில் நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். பிறகு எனக்கும் பழகிவிட்டது. யாராவது "மருந்து என்ன விலை" என்றால் "மருந்துக்கு விலை இல்லை, கருப்பட்டி ரெண்டு உருண்டை காலணா" என்று என் வாயே சொல்ல ஆரம்பித்தது.

உருண்டைக்குக் குறி போட்டது என் யோசனை. எங்கள் முன்மாட்டின் கழுத்தில் ஒரு வெண்கல மணி. அந்தச் சத்தம் கேட்டாலே மலைப்பாதையில் இருக்கிறவர்கள் மருந்துக்காரர் மாடு வருகிறது என்பார்கள். போடியில் ஒரு ஆசாரியிடம் புளியங்கட்டையில் சின்னதாக மணி ஒன்று செதுக்கி வாங்கினேன். உருண்டை ஈரமாக இருக்கும்போதே அந்த அச்சை வைத்து ஒரு அழுத்து. காய்ந்ததும் மணி பதிந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே வாங்கினார்கள். ஒரு வருஷத்திலேயே மருந்தின் பேர் மணி உருண்டை என்றாகிவிட்டது.

பேர் வந்தால் திருட்டும் வரும். கூடலூர்ச் சந்தையில் எவனோ கோணல் மணி போட்டு உருண்டை விற்கிறான் என்று சேதி வந்தது. அடுத்தவன் வியாபாரக் குறியைப் போட்டால் குற்றம் என்று சர்க்கார் புதிதாகச் சட்டம் கொண்டுவந்திருப்பதாக எங்கள் ஊர் உபதேசியார் சொன்னார். குறிகளுக்கென்று தனியாகக் கச்சேரி ஒன்றும் அப்போது கிடையாது. சப் ரிஜிஸ்டிரார் கச்சேரிக்குப் போய், இந்தக் குறி என்னுடையது, இன்ன சரக்குக்கு இதைப் போடுகிறேன் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். நாளைக்கு வழக்கு வந்தால் அந்தப் பத்திரம் பேசும். நானும் அவரும் கிளம்பிப் போனோம்.

கச்சேரி வாசலில் பத்திர எழுத்தர் ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். பட்டணத்தில் இருந்து வந்த மாதிரிப் பத்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஒரு கட்டத்தில் சரக்கின் இனத்தை எழுத வேண்டும். துணி ஓர் இனம், எண்ணெய் ஓர் இனம், இரும்புச் சாமான் ஓர் இனம், தின்பண்டம் ஓர் இனம், மருந்து ஓர் இனம். அந்த மனுஷரை நான் குறை சொல்ல மாட்டேன். கோபம் வரும்போதெல்லாம் அவரையும் சேர்த்துத் திட்ட வாய் வரும், ஆனால் அவர் சரியாகத்தான் சொன்னார்.

"காச்சலுக்குத்தான திங்கிறாக? அப்ப மருந்துன்னு எழுதுங்கம்மா. இல்லாட்டி தின்பண்டத்துக்கு ஒண்ணு, மருந்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பத்திரமாப் போட்டுக்கிடுங்க. எழுதாத இனத்துக்கு இந்தக் குறி காவலுக்கு வராது."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று.

"மருந்த நாங்க விக்கிறதில்லைங்க," என்றார். "விக்காத பொருளுக்கு எதுக்குக் குறி? விக்கிறது கருப்பட்டி. உள்ளத எழுதுங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் என் புருஷனைத் தனியாக ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய் எவ்வளவோ சொன்னேன். பத்திரம் வேறு, சத்தியம் வேறு. அங்கே விலை எழுதப் போவதில்லை, இனம்தான் எழுதப் போகிறோம் என்றேன். மருந்து வியாபாரி என்று கைநாட்டு வைத்தால் மருந்துக்கு விலை வைத்ததாகத்தானே அர்த்தம் என்றார் அவர். நல்ல மனுஷர்தான். மாட்டை அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். ஆனால் பிடித்த பிடியை விடாத ஆள். எனக்கும் வெயில், பசி. எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

எனக்கு எழுதத் தெரியும் என்றதும் எழுத்தர் என்னையே நகல் எழுதச் சொன்னார். அந்தக் கட்டம் வந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் புருஷன் பக்கத்தில் நின்று தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "மருந்து" என்று நான் எழுதியிருந்தால் தெரிந்திருக்காது. கைநாட்டு வைத்துவிட்டு வந்திருப்பார். அந்த எண்ணம் எனக்கு வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. கட்டினவரை ஏமாற்றுவதா என்று ஒரு நியாயம் வந்து குறுக்கே நின்றது. பாழாய்ப்போன நியாயம். "தின்பண்டம்: கருப்பட்டி உருண்டை" என்று முத்து முத்தாக எழுதினேன். எழுத்தர் எழுத்தைப் பார்த்துப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

அத்தோடு விட்டேனா? கம்பத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் எங்கள் உருண்டையை வாங்கிச் சில்லறைக்கு விற்றுவந்தார். என்னைத் தங்கச்சி என்பார். போனால் மோர் கொடுக்காமல் விடமாட்டார். பத்திரம் பதிந்த சேதியை நானே பெருமையாகப் போய்ச் சொன்னேன்.

"நல்ல காரியம் பண்ணுனீக தங்கச்சி. எந்த இனத்துல போட்டீக?"

தின்பண்டத்தில் என்றேன். ஏன் அப்படி என்று கேட்டார். எங்கள் சத்தியத்தை, மாமனார் கதையை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். மோர் குடித்துக்கொண்டே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். இப்படியும் நேர்மையானவர்கள் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை என்பார்களே, நான் அந்த ஓணானைத் தேடிப் போய் அதனிடமே மோரும் வாங்கிக் குடித்தேன்.

மூன்று மாதம் கழித்து அவர் எங்களிடம் உருண்டை வாங்குவதை நிறுத்தினார். ஆனால் அவர் கடையில் மணி உருண்டை இருந்தது. கோணல் மணி இல்லை. எங்கள் மணியேதான், நாக்கு முதல் வளையம் வரைக்கும் அச்சு அசல். போடி ஆசாரியிடமே போய்ச் செய்திருப்பார் போல. நான் நேரே போய்க் கடை வாசலில் நின்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பத்திரத்தை எடுத்துவந்து காட்டினார். அதே மாதிரிப் பத்திரம், அதே மணிப் படம், இனம் என்ற கட்டத்தில் "மருந்து: காய்ச்சல் உருண்டை". அவர் பேரில் முறையாகப் பதிந்திருந்தது. நீங்கள் எழுதாத இனம் சும்மாத்தானே கிடந்தது என்றார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அன்றைக்குக் கடைத்தெரு கேட்கக் கத்தினேன். கத்தி என்ன பண்ண?

வழக்குப் போட்டோம். முதலில் குறி போட்டவர்கள் நாங்கள், ஊரே சாட்சி, அதனால் ஜெயித்துவிடலாம் என்று எங்கள் வக்கீல் நம்பினார். பத்திரத்தில் இனம் தப்பாக விழுந்திருந்தாலும் பரவாயில்லை, கூண்டில் ஏறி நான் இதை மருந்தாகத்தான் விற்கிறேன் என்று உங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஒன்றும் பேசாமல் நடந்தார். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாஜிஸ்டிரேட் முன்னால் கடைக்காரரின் வக்கீல் எழுந்து பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பத்திரத்தை எடுத்து வாசித்தார். இது உன் கைநாட்டுத்தானே என்றார். பிறகு ஒரே கேள்வி, நீ மருந்து விற்கிறாயா?

நான் தாழ்வாரத்தில் கூட்டத்தோடு நின்றேன். என் புருஷன் திரும்பி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன், கையைக் காட்டினேன். என்னை நன்றாகவே பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

"இல்லைங்க. விக்கிறது கருப்பட்டிதான். மருந்து சும்மாக் குடுக்குறது."

மாஜிஸ்டிரேட் நல்லவராக இருக்க வேண்டும். யோசித்துச் சொல் என்று இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுத்தார். இவர் அதையே சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீலும் உட்கார்ந்துவிட்டார். விற்காத பொருளுக்கு வியாபாரக் குறி எப்படி இருக்க முடியும்? தின்பண்டத்துக்குப் போட்ட மணி இவர்களுடையது, மருந்துக்குப் போட்ட மணி அவருடையது என்று தள்ளுபடி ஆகிவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சத்தியவாக்குப் பிசகாத ஆள் என்று கச்சேரியில் இருந்தவர்கள் இவரைப் புகழ்ந்தார்கள். கடைக்காரரும் சேர்ந்து புகழ்ந்தார்.

திரும்பும் வழியில் முல்லையாற்றுக் கரை வரை நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே வந்ததும் திறந்தேன்.

"ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்ல முடியலையே ஒங்களுக்கு."

"பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்றியா?"

"பொய்யா? நெலவேம்பு என்ன சீனிப் பாகா? விடியக்காலம் எந்திரிச்சு இடிக்கிறனே, அது என்ன பொரிமாவா?"

"அப்பாவுக்குக் குடுத்த வாக்கு புள்ள."

"செத்தவுகளுக்குக் குடுத்த வாக்குக்கு உசுரோட இருக்கவுக சாகணுமா?"

நான் சொன்னது எவ்வளவு நிஜம் என்று எனக்கும் அப்போது தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பத்து நாளில் கடைக்காரரின் வக்கீல் நோட்டீசு வந்தது. காய்ச்சலுக்குத் தின்னும் எந்தப் பண்டத்திலும் இனி நாங்கள் மணிக் குறி போடக்கூடாது, போட்டால் குற்றவாளி நாங்கள். கருப்பட்டி மிட்டாயில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாமாம். அதை நான்தான் என் புருஷனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் வெறும் கருப்பட்டி உருண்டையாவது உருட்டலாமே என்றார். கையில் இருந்த சட்டுவத்தைச் சுவரில் எறிந்தேன். நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

அந்த நாலு நாளில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுக் கம்பத்தில் இருந்து அவருடைய மணி உருண்டை ஒன்று வாங்கிவரச் சொன்னேன். கடித்துப் பார்த்தேன். இனித்தது. கருப்பட்டி, பொரிகடலை மாவு, வாசனைக்குத் துளி சுக்கு. அவ்வளவுதான். நிலவேம்பு அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டு பத்திரத்தையும் நினைத்துப் பார்த்தேன். மருந்தை உருட்டின நாங்கள் தின்பண்டம் என்று சத்தியம் பண்ணியிருக்கிறோம். தின்பண்டத்தை உருட்டினவன் மருந்து என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். சர்க்கார் இரண்டையும் வாங்கி முத்திரை குத்தி வைத்திருக்கிறது. யாரிடம் போய் முறையிட? வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு உலக்கையை எடுத்து இடிக்க ஒன்றும் இல்லாத உரலில் நாலு குத்துக் குத்தினேன்.

குறி இல்லாத உருண்டையை யாரும் வாங்கவில்லை. கூடை அப்படியே திரும்பி வந்தது. மழைக்காலம் முடிந்து மலையில் காய்ச்சல் பிடித்துக்கொண்ட சமயம். ஒருதரம் என் புருஷன் ஏறிப் போய்விட்டு இறங்கி வந்தவர் சோறு வேண்டாம் என்று மாட்டுக் கொட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். குடிசையில் ஒருவன் கையில் மணி உருண்டையை வைத்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தானாம். இவரை அடையாளம் கண்டு, அண்ணே, ஒங்க மருந்து ஏன் இப்பல்லாம் கேக்க மாட்டேங்குது என்று கேட்டானாம்.

"எழுதிப்புடு," என்றார் என்னிடம். "மருந்துன்னே எழுது. வெலையும் சொல்லிப்புடலாம்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல ஒரு வருஷமா? கூண்டில் ஏறி நின்றபோது இந்த வாய் எங்கே போனது? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன? இதையெல்லாம் அவரிடம் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு விடிந்ததும் என்னோடு கிளம்பினார்.

எழுத்தர் எங்களை மறக்கவில்லை. சரக்கின் இனம் என்று அவர் கேட்கும் முன்னாலேயே மருந்து என்று நான் எழுதிவிட்டேன். அடுத்த கட்டம் குறி. என் புருஷன் பழக்கத்தில் மணி என்று சொல்லிவிட்டார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது ஆகாதுங்க. மருந்து இனத்துல அது இன்னொருத்தர் பேர்ல இருக்கு."

போன தடவை குறி இருந்தது, இனம் தப்பிவிட்டது. இந்தத் தடவை இனம் சரியாக இருந்தது, குறி இல்லை. அங்கிருந்து போடிக்குப் போனோம். ஆசாரியிடம் யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்காமல் போன அச்சு ஒன்று கிடந்தது. மீன். புதிதாகச் செதுக்கப் பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாள் காய்ச்சல் நிற்குமா? மீனையே வாங்கினேன். மலைக்காய்ச்சல் மருந்துக்கு மீன் குறி. கேட்கிறவன் சிரிக்கமாட்டானா? சிரித்துத் தொலையட்டும் என்று அதையே பதிந்துவிட்டு வந்தோம்.

அடுத்த கூடலூர்ச் சந்தைக்கு நானும் கூடப் போனேன். அணை வேலைக்காரர்கள் சம்பளம் வாங்கிச் சாமான் வாங்க இறங்கி வரும் சந்தை அது. சாக்கை விரித்துக் கூடையை வைத்தோம். விலை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் சொன்னேன். "காச்ச மருந்து, ரெண்டு உருண்டை காலணா" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கூவினேன். ஆகாசம் இடிந்து விழவில்லை.

வந்தவர்கள் உருண்டையை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார்கள். மணி இல்லையா என்றார்கள். மணி எங்களுடையதுதான், திருடிவிட்டார்கள், இதுதான் அசல் மருந்து என்று தொண்டை கிழியச் சொன்னேன். ஒருவன் துணிந்து வாயில் போட்டான். உடனே துப்பினான்.

"மணி உருண்டை இனிக்கும். இது கசக்குது. போலி சரக்கு, பாத்து வாங்குங்கப்பா," என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனான்.

போலியாம். எங்களை. பக்கத்துச் சாக்கில் இருந்த தராசுக் கல்லை எடுத்துவிட்டேன், என் புருஷன்தான் கையைப் பிடித்தார். கூட்டம் கலைந்தது. கலைந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியும். சந்தைக் கோடியில் கம்பத்துக் கடைக்காரரின் ஆள் விரித்திருந்த சாக்குக்குத்தான்.

ஒரு பெண் மட்டும் நின்றாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். தாலி இல்லை. வெயிலில் நின்றும் உடம்பு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. எந்தக் குறியும் பார்க்காமல் காலணாவை வைத்துவிட்டு இரண்டு உருண்டை எடுத்து, ஒன்றை அங்கேயே கடித்தாள். மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதான்," என்றாள். "போன வருசம் அவுகளுக்குக் காச்ச வந்தப்ப இதத்தான் குடுத்தேன். கசக்குதுன்னு என்னைய வஞ்சுக்கிட்டே தின்னாக. நாலு நாள்ல எந்திரிச்சுட்டாக."

அவர் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளாகவே சொன்னாள், போன மாதம்தான் என்று.

"இந்தத் தடவையும் மணி பாத்துத்தான் ஆத்தா வாங்குனேன். வெரலால தடவிப் பாத்து வாங்குனேன். ஆனா அது கசக்கல, இனிச்சுச்சு. அவுக சந்தோசமாத் தின்னாக. மருந்து இப்ப நல்லாருக்கு புள்ளன்னு சொன்னாக."

என் புருஷன் எழுந்து மாடுகளைக் கட்டியிருந்த பக்கம் போய்விட்டார். போகட்டும் என்று விட்டேன். அவரைத் திட்ட எனக்கு அப்போது வாய் இல்லை. அந்தக் கடைக்காரன் விளங்காமல் போவான், அவன் வம்சம் விளங்காமல் போகும் என்று நெஞ்சுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். சபித்துக்கொண்டே இருக்கும்போது அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அது வேற மருந்தா ஆத்தா?"

அவள் கேட்டது சாதாரணமாகத்தான். சண்டைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"அது மருந்தில்லை தாயி," என்றேன். "கருப்பட்டி."

அந்த வார்த்தையை நான் முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறேன், முத்திரைத் தாளில், முத்து முத்தான கையெழுத்தில்.